கோச்சி பிந்தினால் கதைக்கலாம்

மதுரங்குளிக்கும் பாலாவிக்கும் இடையில், பெரிய ரோட்டுச் சந்தியிலிருந்து கால் மைல் உள்ளே, ஊர் ரோட்டைத் தண்டவாளம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் நூர்தீனின் கேட் இருக்கிறது. கேட் என்றதும் மணி, சிவப்பு விளக்கு, தானாக இறங்கும் கம்பம் என்றெல்லாம் யாரும் கற்பனை செய்ய வேண்டாம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மூங்கில், அந்தப் பக்கம் ஒரு மூங்கில். இரண்டின் நுனியிலும் வெயிலில் வெளுத்த சிவப்புத் துணி. ஓரமாகத் தகரம் போட்ட ஒரு கொட்டில். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை, தண்ணீர்ப் போத்தல், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. கதிரையில் நூர்தீன்.

அந்த ரயில் பாதையில் நாளொன்றுக்கு நாலு கோச்சி. இரண்டு கொழும்புக்குப் போகும், இரண்டு கொழும்பிலிருந்து வரும். கோச்சி வருமுன் மூங்கிலை இறக்க வேண்டும், போனபின் உயர்த்த வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் கோச்சி வருவது எப்படித் தெரியும்? கம்பியும் கிடையாது, மணியும் கிடையாது. கடவைக் காவலாளிகள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு கேட்டைக் கோச்சி தாண்டியதும் அந்தக் கேட்டுக்காரர் அடுத்த கேட்டுக்காரருக்குப் போன் அடிப்பார். நூர்தீனுக்கு வடக்கே றிஸ்வி. தெற்கே, முந்தலுக்கும் அங்கால், யூஜீனியா.

"கோச்சி தாண்டிட்டு நானா."

"சரி தங்கச்சி."

நேரத்துக்கு ஓடும் நாளில் இவ்வளவுதான் பேச்சு. கொழும்பிலிருந்து வருவது இரண்டுக்கும் அவள் அடிப்பாள், புத்தளத்திலிருந்து போவது இரண்டுக்கும் இவர் அடிப்பார். ஆறு வருடமாக இப்படி. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. காணவும் வழியில்லை. கோச்சி ஓடும் நேரத்தில் இருவரும் தத்தம் கேட்டில் நிற்க வேண்டும். கோச்சி இல்லாத நேரத்தில், மனைவியை இழந்த ஒரு முஸ்லிம் மனுசன் இருபது கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய், கடலில் புருசனைப் பறிகொடுத்த ஒரு கத்தோலிக்க வேதக்காரப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டி என்னவென்று சொல்லுவது?

இதைக் காதல் என்று யாராவது சொன்னால் நூர்தீன் எழுந்து போய்விடுவார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் ஒன்றுக்கும் ஆசைப்படவில்லை. பேச ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அதுவே பெரிய விசயம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மனைவி அஸீஸா மௌத்தாகி நாலு வருடம். மகன் ரிஃபாஸ் கத்தாரில், மகள் ஷஸ்னா கொழும்பில் கட்டிக்கொடுத்த இடத்தில். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், போன் எடுப்பார்கள், "சாப்பிட்டீங்களா வாப்பா? மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் ஓம் என்றால் பேச்சு முடிந்துவிடும். காலையில் கடையில் பாணும் சம்பலும் வாங்கும்போது கடைக்காரர் தலையை ஆட்டுவார். கடவையைத் தாண்டும் மோட்டார் சைக்கிள்காரர்கள் கையைத் தூக்குவார்கள். நூர்தீனும் தூக்குவார். பின்னேரம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவார், பதில் சொல்ல ஆள் இல்லை. சில நாட்களில் அன்றைக்கு முழுவதும் தான் பேசியதை எண்ணிப் பார்த்தால், "சரி தங்கச்சி" தவிர வேறு ஒன்றும் தேறாது.

ஆனால் கோச்சி பிந்தினால் கதை வேறு. பிந்தினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதில் யூஜீனியாவை மிஞ்ச ஆள் கிடையாது.

"நானா, கோச்சி இப்ப வராது. பத்துளுஓயாவில மாடு ஒண்டு அடிபட்டுட்டு. மாடு எண்டாச் சும்மா மாடில்ல, எங்கட பெரியம்மாட மகன்ட மாடு. போன கிழமைதான் கண்டு போட்டது. அவன் இப்ப ட்ரைவரோட சண்டை பிடிக்கிறானாம். ட்ரைவர் என்ன, மாட்டுக்குப் பின்னால கோச்சிய வளைச்சு எடுக்கவா?"

இப்படித் தொடங்கினால் பத்து நிமிடம் போகும். மாட்டில் தொடங்கி, பெரியம்மாவின் மகனுக்கு வாய்த்த மருமகளில் முடியும். அந்தப் பாதையில் கோச்சி பிந்துவதற்கான காரணங்கள் முழுவதும் நூர்தீனுக்கு அவள் வாயால்தான் தெரியும். காற்றுக் காலத்தில் மரம் விழும். கடும் வெயிலில் தண்டவாளம் நெளியும், ஊர்ந்து ஊர்ந்துதான் வர வேண்டும். செம்புக்காகச் சிக்னல் வயரை வெட்டிக்கொண்டு போவார்கள். தேங்காய் ஏற்றின லொறி கடவைக்கு நடுவில் நின்று மக்கர் பண்ணும். எஞ்ஜின் பழசு, சிலாபம் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். ஒவ்வொரு காரணத்தோடும் அவளுடைய வாழ்க்கையில் ஒரு துண்டு வந்து சேர்ந்தது. தென்னைமரம் விழுந்த நாளில்தான் அவள் மகள் இத்தாலிக்குப் போனதை அறிந்தார். வயர் களவு போன நாளில் அவளுக்கு இரத்த அழுத்தம் இருப்பதை அறிந்தார். அவர் சொன்னது குறைவு. "அப்பிடியா?" என்பார், "பொறகு?" என்பார். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்தால் அவளுக்கும் போதும்.

கொஞ்சம் கொஞ்சமாக நூர்தீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கோச்சி பிந்த வேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கினார். கடவைக் காவலாளி ஒருவர் இப்படி ஆசைப்படுவது வெளியே தெரிந்தால் என்னவாகும்! கோச்சிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், வேலைக்குப் பிந்துகிறவர்கள் இருப்பார்கள். தொழுதுவிட்டு அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பார். கேட்ட கையோடு மணிக்கூட்டைப் பார்ப்பார்.

எல்லாக் காரணமும் ஆசைப்படத் தக்கதல்ல. ஒருமுறை அவளுடைய கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு இளம்பெண் கோச்சிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அன்றைக்கு யூஜீனியா போனில் அழுதாள். நூர்தீனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு நாளைக்கு இருவரும் தாண்டிவிட்டது, சரி என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

வேலைநிறுத்தம் வந்தால் அதைவிட மோசம். கோச்சியே இல்லை, போனும் இல்லை. ஒரு மாரிக்கு வெள்ளம் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணைக் கொண்டுபோய், பதினொரு நாள் பாதை மூடிக் கிடந்தது. அந்தப் பதினொரு நாளும் நூர்தீன் கேட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். அவளுடைய வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்க வேண்டும் என்று இலக்கத்தை எடுப்பார், பிறகு வைத்துவிடுவார். கோச்சி இல்லாத நாளில் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது? பன்னிரண்டாம் நாள் போன் அடித்தது. "கோச்சி தாண்டிட்டு நானா" என்றதும் அவர் போட்ட சத்தத்தில் அவள் சிரித்துவிட்டாள்.

இந்த வருடம் ஆனி மாதம், மதகுக்குப் பக்கத்தில் கோச்சி அரை மணி நேரம் நின்ற ஒரு நாளில், காரணத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு யூஜீனியா சொன்னாள்:

"நானா, மகளுக்குப் பிள்ளை கிடைச்சிட்டு. என்னையும் கூப்பிட்டுட்டாள். விசாவும் சரி. நான் இத்தாலிக்குப் போறன்."

நூர்தீன் பச்சைக் கொடியை விரித்து, மறுபடியும் சுருட்டினார்.

"நல்ல விசயம்தானே தங்கச்சி," என்றார் கடைசியில்.

"நேர்த்தி ஒண்டு இரிக்கி நானா. போக முந்தித் தலவில புனித அன்னம்மா கோயிலுக்கு வரணும். வாற வெள்ளிக்கிழமை சிலாபத்தில அக்கா வீட்டில இருந்து காலைக் கோச்சியில வாறன். உங்கட கேட்டைத் தாண்டித்தானே பாலாவிக்குப் போகணும். ரெண்டாவது பெட்டிக் கதவில நிப்பன். ஆறு வருசமாக் கதைக்கிறம், ஒருக்காச் சரி முகத்தைப் பாப்பமே."

அந்தக் கிழமை முழுவதும் நூர்தீன் ஒரு நிலையில் இல்லை. வியாழக்கிழமை சலூனுக்குப் போய்த் தாடியை ஒழுங்குபடுத்திக்கொண்டார். பெருநாளைக்கு ரிஃபாஸ் அனுப்பிய வெள்ளைச் சேர்ட்டை அலுமாரியிலிருந்து எடுத்து அயன் பண்ணினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கோச்சி நேரத்துக்கு வர வேண்டும் என்று துஆக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோச்சி. ஒன்பது மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பத்தாகியும் சத்தமில்லை. யூஜீனியாவின் கேட்டில் இப்போது இன்சாப் என்ற ஒரு புதுப் பொடியன். நூர்தீனே அவனுக்கு அடித்தார்.

"லேட்," என்றான்.

"ஏன்?"

"தெரியா." போனை வைத்துவிட்டான்.

ஆறு வருடத்தில் காரணம் தெரியாமல் அவர் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. காரணம் சொல்லுகிறவள் கோச்சிக்குள் இருக்கிறாள். மாடா, மரமா, எஞ்ஜினா? வேறு ஏதாவதா? வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. கொட்டிலுக்கும் தண்டவாளத்துக்கும் நடந்து நடந்து புதுச் சேர்ட்டின் முதுகு நனைந்துவிட்டது.

பத்தேமுக்காலுக்கு அவள் அடித்தாள்.

"நானா, எஞ்ஜின் செத்துட்டு! பத்துளுஓயா தாண்டினதும் ஒரு இழுவை இழுத்து நிண்டுட்டு. சுத்திவரத் தென்னங்காணி. ஆக்கள் இறங்கி நிழலுக்குள்ள நிக்கிறாங்க. நான் உள்ளுக்குள்ளதான் இரிக்கிறன்."

"ட்ரைவர் என்ன சொல்றார்?"

"அவர் எஞ்ஜினப் பாத்துட்டு நிக்கிறார், எஞ்ஜின் அவரப் பாத்துட்டு நிக்கிது."

இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகு அவர்கள் பேசியதைப் போல் ஒருநாளும் பேசியதில்லை. ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒருமுறை போன் கட்டானது, உடனே இவர் எடுத்தார், முதல் முறையாக யோசிக்காமல் எடுத்தார். விமானத்தில் ஏறப் பயமாக இருக்கிறது என்றாள். அங்கே குளிருமாம், மருமகன் கதைக்கிற பாசை விளங்காதாம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நாலு சுவருக்குள் இருக்க வேண்டும், கதைக்க யார் இருப்பார் என்று கேட்டாள்.

அப்போதுதான் நூர்தீன் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அஸீஸா ஆஸ்பத்திரில இருக்கக்குள்ள, கடைசிக் கிழம, என்னப் பாத்து, 'ஏதாச்சும் கதைங்களேன்' எண்டு கேட்டா. எனக்குக் கதைக்க ஒண்டும் வரல்ல தங்கச்சி. முப்பது வருசம் வாழ்ந்தம், ஒரு கதை வரல்ல. கைய மட்டும் புடிச்சிட்டு இருந்தன். அவ பொறகு கேக்கல்ல."



"இப்ப கதைக்கிறீங்கதானே நானா," என்றாள் யூஜீனியா. "அவங்களுக்குக் கேக்கும்."

நூர்தீன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, ரோட்டில் யாரும் இல்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கோச்சிக் கார்ட் வந்து சொன்னாராம், பாலாவிப் பக்கம் கல் ஏற்றுகிற கோச்சியின் எஞ்ஜினைக் கழற்றி அனுப்புகிறார்கள், அது வந்துதான் இழுக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவளால் காத்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை விமானம். இன்றைக்கே கோயிலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஆட்கள் எல்லோரும் காணிக்குள்ளால் நடந்து பெரிய ரோட்டுக்குப் போய்ப் பஸ் எடுக்கப் போகிறார்கள்.

"நானும் பஸ்ஸில வாறன் நானா. உங்கட சந்தியாலதானே போகும். சந்திக்கு வந்து நில்லுங்க. நான் யன்னல் பக்கம் இருப்பன். என்ன உடுத்திருக்கீங்க?"

"வெள்ளச் சேட்டு. வெள்ளத் தொப்பி."

"கண்டுபிடிச்சிருவன்," என்றாள்.

போனை வைத்த பிறகுதான் நூர்தீனின் தலை வேலை செய்தது. இழுக்க வரும் எஞ்ஜின் வடக்கேயிருந்து வரும். வந்தால் றிஸ்விதான் சொல்ல வேண்டும். ஆனால் இது வெள்ளிக்கிழமை. மத்தியானத்தில் அந்தப் பாதையில் கோச்சி ஓடி யாரும் கண்டதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் கேட்டுக்காரர்கள் மூங்கிலை உயர்த்திவிட்டு, போனை நிறுத்திவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்குப் போவதுதான் வழக்கம். அவரும் அப்படித்தான் செய்வார். றிஸ்விக்கு அடித்துப் பார்த்தார். நிறுத்தியிருந்தான். கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள யாரையாவது கேட்கலாம் என்றால் ஊரில் ஆண்கள் என்று ஒருவரும் பள்ளிவாசலுக்கு வெளியே இல்லை. பள்ளி இருப்பது சந்தியில். தொழுகை முடிந்ததும் பாதி ஊர் மோட்டார் சைக்கிளில் இந்தக் கடவையைத் தாண்டித்தான் வீட்டுக்குச் சோற்றுக்குப் போகும்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது. "பஸ் முந்தல் தாண்டிட்டு நானா!"

இன்னும் இருபது நிமிடம். ஐந்து நிமிடம் போக, ஐந்து நிமிடம் வர. எஞ்ஜினைக் கழற்றவே இரண்டு மணியாகும் என்று நூர்தீன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பாதையில் எது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? ஒன்று ஐந்துக்கு மூங்கிலை உயர்த்தியபடியே விட்டுவிட்டுச் சந்தியை நோக்கி நடக்கத் தொடங்கினார். நடை ஓட்டமானது.

பாதி வழி போயிருப்பார். பள்ளியிலிருந்து முதல் மோட்டார் சைக்கிள்கள் முறுக்கப்படும் சத்தம் முன்னால் கேட்டது. பின்னால், வடக்கே, நீளமாக ஒரு ஊதல்.

நூர்தீன் நின்றார். முன்னால் சந்தி தெரிந்தது, ரோட்டோரத்துக் கடை தெரிந்தது. இன்னும் இருநூறு மீற்றர் நடந்தால் போதும். ஊதல் மறுபடியும் கேட்டது, இம்முறை கிட்ட. ஊதல் கேட்டாலும் ஆட்கள் நிற்க மாட்டார்கள், இந்த நேரத்தில் கோச்சியா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் சாரத்தைத் தூக்கிக்கொண்டு அப்படி ஓடியதை யாராவது பார்த்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஒரு மூங்கிலை இறக்கி, தண்டவாளத்தைத் தாண்டி மற்றதையும் இறக்கவும், முதலாவது மோட்டார் சைக்கிள் வந்து பிரேக் அடிக்கவும் சரியாக இருந்தது. ஊர்க்காரன் முனாஸ், பின்னால் தன் மகளை வைத்திருந்தான்.

"நூர்தீன் நானா, இந்த நேரத்தில ஏது கோச்சி? சோறு ஆறுது, தூக்குங்க!"

அவன் சொல்லி முடிக்கவில்லை, பெட்டி ஒன்றும் இல்லாமல் தனி எஞ்ஜின் ஒன்று தரை அதிர அவர்களைத் தாண்டிப் போனது. முனாஸ் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.  நூர்தீனுக்கு மூச்சு வாங்கியது. எஞ்ஜின் போன சத்தம் அடங்கும்போது சந்திப் பக்கம் பஸ் ஹோர்ன் கேட்டது. மூங்கிலைத் தூக்கியபடி எட்டிப் பார்த்தார். மரங்களுக்கு இடையில் பஸ்ஸின் பின்பக்கம் கொஞ்சம் தெரிந்தது, அதுவும் போய்விட்டது.

போன் அடித்தது.

"நானா! கண்டன் நானா, கண்டன்!" யூஜீனியா கத்தினாள். பஸ் இரைச்சலுக்கு மேலால் அவள் குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது. "கடைக்கு முன்னால நிண்டீங்க. வெள்ளச் சேட்டு, வெள்ளத் தொப்பி. நான் கையக் காட்டினன், நீங்களும் காட்டினீங்க. நான் நெனச்ச மாதிரியே நல்ல உயரம்."

நூர்தீன் குள்ளம். அவரைச் சுற்றி ஜும்ஆ முடிந்து வந்த ஊர் ஆண்கள் மோட்டார் சைக்கிள்களில் நின்றார்கள், எல்லோரும் வெள்ளைச் சேர்ட், எல்லோரும் வெள்ளைத் தொப்பி. கோச்சி காலையில் நேரத்துக்கு வந்திருந்தால் ஊரிலேயே வெள்ளை உடுத்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். சந்தியிலும் இப்படி எத்தனை பேர், அவர்களுக்குள் எவன் எதற்குக் கை காட்டினானோ.

"நீங்க என்னக் கண்டீங்களா நானா?"

உண்மையைச் சொன்னால் அவள் இறங்கித் திரும்பி வர முடியுமா? முடியாது. அந்நிய நாட்டு நாலு சுவருக்குள் இருந்து நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு முகம் கிடைத்திருக்கிறது. யாருடைய முகமாக இருந்தால் என்ன!

"கண்டன் தங்கச்சி."

"எப்பிடி இருந்தன்?"

அவள் உடுத்தியிருந்த சேலையின் நிறம்கூட நூர்தீனுக்குத் தெரியாது.

"கதைக்கிற மாதிரியேதான் இருந்தீங்க," என்றார்.

அவள் சிரித்தாள். போயிட்டு வாறன் நானா, உடம்பப் பாத்துக்கொள்ளுங்க என்றாள். பஸ்ஸுக்குள் யாரோ அவளிடம் டிக்கெட் கேட்டார்கள். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க் கடவை வெறிச்சோடும் வரைக்கும் நூர்தீன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசி ஆளும் போன பிறகு, "அது நான் இல்ல தங்கச்சி," என்று அதற்குள் சொன்னார்.